காசு கட்டி நெட்வொர்க்கிங் மீட்டிங் போகலாமா? தங்கச்சிக்காகப் போட்ட ஒரு கணக்கு

1/
கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க. இது மருத்துவப் பதிவு இல்லை. ஆனா ஓ.பி.யில உட்கார்ந்து பழகின ஒரு பழக்கம் இதுக்கு நல்லா உதவிச்சு.

சின்னதா சொந்தத் தொழில் பண்றவங்க எல்லாருக்கும் இந்த அழைப்பு ஒருமுறையாவது வந்திருக்கும். காலை 7 மணி. தி.நகர்ல ஒரு ஓட்டல். டிபன் உண்டு. கட்டணம் 1,200 ரூபாய். "உங்க தொழிலை நாற்பது தொழிலதிபர்கள் முன்னாடி அறிமுகப்படுத்துங்க."

போகணுமா, வேணாமா?

2/
மந்தைவெளியில எங்க வீட்டு மாடியில என் தங்கச்சி ஆரி ஒர்க் பிளவுஸ் தைச்சுக் கொடுக்கிறா. ஒரு மெஷின், ஒரு ஆரி ஃபிரேம், கூட வேலைக்கு ஒரு அக்கா. மாசம் 14 பிளவுஸ் வரைக்கும் முடியும். மச்சானுக்கு வேலை போய் ஏழு மாசம் ஆச்சு. அதனால இப்போ அந்த மாடிதான் அவங்க குடும்ப வருமானம்.

அவளுக்கு ஏலச்சீட்டு எடுத்து, தள்ளு போக கைக்கு 46,000 வந்தது. அதே வாரம் இந்த அழைப்பும் வந்தது. முதல் தடவை விருந்தினரா போகலாம். பிடிச்சிருந்தா வருஷ உறுப்பினர் கட்டணம் 38,000.

"அண்ணா, போலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

ஒரே வார்த்தையில சொல்ல முடியல. அதனாலதான் இந்த இழை.

3/
முதல்ல இந்த மாதிரிக் குழுக்கள் எப்படி இயங்குதுன்னு பார்ப்போம்.

இதுல உலக அளவுல பெரிய பேர் பி.என்.ஐ. 1985-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் ஆரம்பிச்சது. ஒரு குழுவுல ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான். ஒரு ஆடிட்டர், ஒரு போட்டோகிராபர், ஒரு இன்டீரியர்காரர். வாரம் ஒருமுறை சந்திப்பு. ஒருத்தருக்கொருத்தர் வாடிக்கையாளர்களை அனுப்பணும். அதுக்குப் பேர் ரெஃபரல். "கொடுப்பவனுக்குக் கிடைக்கும்" என்பதுதான் அவங்க தாரக மந்திரம். இதே அச்சுல நம்ம ஊர்லயும் பல குழுக்கள் இருக்கு. தங்கச்சிக்கு அழைப்பு வந்தது அப்படி ஒண்ணுல இருந்து, பேர் வேண்டாம்.

4/
ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்பது புது யோசனையும் இல்லை. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினப்பவும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். உறுப்பினர்கள் தங்களுக்குள்ள வியாபாரம் கொடுத்துக்கிறது அப்போ வெளிப்படையான நோக்கம். சேவை என்பது பின்னாடி வந்து சேர்ந்தது. பி.என்.ஐ பிறந்த அதே 1985-ல்தான் ரோட்டரி போலியோ ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கிச்சு. சொட்டு மருந்து முகாம்ல அவங்க சக்கரச் சின்னத்தைப் பார்த்திருப்பீங்க.

அதனால "இதெல்லாம் ஏமாத்து வேலை"ன்னு ஒதுக்கிடவும் முடியாது. ஆள் பழக்கம் வேலை செய்யும். யாருக்கு, எதுக்கு, என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

5/
ஆள் பழக்கம் வேலை செய்யும் என்பதுக்கு ஒரு பழைய ஆய்வு. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதினது. பாஸ்டன் பக்கத்துல, தெரிஞ்சவங்க மூலமா புது வேலை கிடைச்சவங்களைக் கேட்டார்: தகவல் சொன்னவரை அப்போ எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கிட்டிருந்தீங்க?

அடிக்கடி பார்த்தவங்க: நூத்துக்குச் சுமார் 17.
எப்பவாவது பார்த்தவங்க: சுமார் 56.
அபூர்வமா பார்த்தவங்க: சுமார் 28.

காரணம் எளிது. நம்மோட நெருங்கிப் பழகுறவங்களுக்குத் தெரிஞ்சது ஏற்கெனவே நமக்கும் தெரியும். புது சேதி தூரத்துப் பழக்கத்துல இருந்துதான் வரும்.

6/
நம்ம மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் இதை ஆய்வு இல்லாமலே செஞ்சுக்கிட்டிருக்கோம். நவராத்திரி கொலுதான் அது. ஒன்பது நாள், வருஷம் ஒருமுறை பார்க்கிற வீடுகள், சுண்டல், வெற்றிலை பாக்கு, கூடவே ஒரு ரவிக்கைத் துணி. அந்தத் துணியைக் கையில வாங்கினவங்க அடுத்துக் கேட்கிற கேள்வி: "நீங்க எங்க தைக்கக் கொடுக்கறீங்க?"

பிளவுஸ் தைக்கிறவளுக்கு இதைவிட நல்ல மீட்டிங் எது? கட்டணம் அரைக் கிலோ கொண்டைக்கடலை.

7/
இப்போ ஓ.பி. பழக்கத்துக்கு வர்றேன்.

நோயாளி உள்ளே வந்ததும் "எனக்கு ஸ்கேன் எழுதுங்க"ன்னு கேட்பார். நாங்க முதல்ல கேட்கிறது ஒண்ணுதான்: உங்களுக்கு என்ன தொந்தரவு?

தங்கச்சிகிட்டயும் அதையே கேட்டேன். "உனக்கு என்ன குறை? ஆர்டர் வரலையா, வர்ற ஆர்டரை முடிக்க ஆள் இல்லையா?"

கொஞ்ச நேரம் யோசிச்சா. ஆர்டர் நோட்டை எடுத்துட்டு வந்தா. ஆவணி மாசம் மட்டும் 9 கல்யாண ஆர்டரை "முடியாதுக்கா, டைம் இல்ல"ன்னு திருப்பி அனுப்பியிருக்கா.

8/
இதுதான் மொத்த விஷயத்தோட திருப்பம்.

நெட்வொர்க்கிங் என்பது ஆர்டர் வராத நோய்க்கு மருந்து. இவளுக்கு இருந்தது கை பத்தாத நோய். சாப்பாடு இறங்காதவருக்குப் பசி மருந்து கொடுத்தா என்ன ஆகும்? பசி கூடும்; தொண்டை அடைப்பு அப்படியே இருக்கும்.

இன்னும் 40 பேருக்கு அவளைத் தெரிஞ்சா, ஆவணியில 9-க்குப் பதிலா 20 பேரைத் திருப்பி அனுப்புவா. திருப்பி அனுப்பப்பட்டவங்க அடுத்த தடவை வரமாட்டாங்க. அறிமுகம் செஞ்சவங்க முகமும் சுருங்கும்.

9/
அடுத்தது கணக்கு. உறுப்பினர் கட்டணம் 38,000 மட்டும் இல்லை. வாரா வாரம் டிபன் செலவு 700 தனி. வருஷத்துக்கு 48 வாரம்னு வெச்சா 33,600. மொத்தம் 71,600.

ஒரு ஆரி பிளவுஸுக்கு சராசரியா 4,000 வாங்குறா. ஜர்தோசி, கல், நூல், அக்காவோட கூலி எல்லாம் போக மிஞ்சுறது 1,200.

71,600-ஐ 1,200-ஆல் வகுத்தா 60.

அதாவது போட்ட காசு திரும்பவே வருஷத்துக்கு 60 பிளவுஸ் கூடுதலா தைக்கணும். மாசம் 5. அதுக்குப் பிறகுதான் லாபம். ஏற்கெனவே முழு வேகத்துல ஓடுற ஒரு ஃபிரேம்ல அந்த 5 எங்கிருந்து வரும்?

10/
காசோட நிக்கலை. காலை 7 மணி மீட்டிங்னா வீட்டை விட்டு 6.30-க்குக் கிளம்பணும். மெட்ரோ வேலை நடக்கிற ஆர்.கே. மடம் சாலை வழியா தி.நகர் போய்ட்டு வர்றதையும் சேர்த்தா மூணு மணி நேரத்துக்கு மேல. 48 வாரத்துக்கு 144 மணி நேரம்.

அந்த நேரத்துல பிள்ளைங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டுறது யாரு? ஸ்கூல் வேன்ல ஏத்துறது யாரு? இந்தச் செலவு எந்த விண்ணப்பப் படிவத்துலயும் இருக்காது. வீட்டுல இன்னொருத்தர் சும்மா செஞ்சு கொடுத்தாதான் அது இலவசம். எங்க வீட்டுல இப்போ மச்சான் இருக்கார். நாளைக்கு அவருக்கு வேலை கிடைச்சா?

11/
அப்போ யாருக்குத்தான் இது ஒத்துவரும்? என் கூடப் படிச்சவன் ஒருத்தனோட அண்ணன் இன்டீரியர் கான்ட்ராக்டர். இதே மாதிரி ஒரு குழுவுல மூணு வருஷமா இருக்கார். சந்தோஷமா இருக்கார். ஏன்? ஒரு ஃபிளாட் வேலை கிடைச்சா வருஷக் கட்டணம் மாதிரி பல மடங்கு மிஞ்சும். ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் இன்டீரியர். பழைய வாடிக்கையாளர் திரும்ப வர பத்து வருஷம் ஆகும். அதனால அவருக்குப் புது ஆள் வந்துக்கிட்டே இருக்கணும். வேலை கூடினா ஆள் வெச்சுச் செய்யலாம்.

பெரிய தொகை, அரிதான ஆர்டர், கூட்டக்கூடிய கை: இந்த மூணும் இருந்தா கணக்கு நேராகும். தங்கச்சிக்கு மூணும் தலைகீழ்.

12/
"ஆனா அண்ணா, அங்க ஒருத்தர் எட்டு லட்சம் பிசினஸ் கிடைச்சதுன்னு வீடியோ போட்டிருக்காரே?"

நல்ல கேள்வி. ரெண்டு விஷயம் சொன்னேன்.

ஒண்ணு, எட்டு லட்சம் என்பது விற்பனை. மிஞ்சினது எவ்வளவுன்னு அவர் சொல்லலை.

ரெண்டாவது, மேடையில பேசுறவர் இன்னும் குழுவுல இருக்கிறவர். போன வருஷம் கட்டிட்டு, ஒண்ணும் கிடைக்காம நின்னுட்டவர் அந்த ரூம்லயே இருக்கமாட்டார். ஒரு சிகிச்சை எப்படின்னு தெரிஞ்சுக்க, ரிவ்யூவுக்குத் திரும்ப வந்தவங்களை மட்டும் கேட்டா எல்லாருக்கும் குணமான மாதிரிதான் தெரியும். வராதவங்களைத் தேடிப்பிடிச்சுக் கேட்கணும்.

அதனால கேட்க வேண்டிய கேள்வி: "உங்க குழுவுல டெய்லர் இடம் காலியா இருக்குன்னு சொல்றீங்களே, இதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க? ஏன் போனாங்க? அவங்க நம்பர் கிடைக்குமா?"

13/
இன்னொரு விலை இருக்கு. என் பார்வையில அதுதான் பெரிய விலை.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு மொய் விருந்து தெரியும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துல ஆடி, ஆவணி மாசத்துல நடக்கும். பந்தல் போட்டு கறி விருந்து. வந்தவங்க மொய் எழுதுவாங்க. நோட்டுல பேரும் தொகையும் ஏறும். ஒரே நாள்ல பெரிய தொகை கைக்கு வரும். கிணறு வெட்டலாம், கடை வைக்கலாம், கடனை அடைக்கலாம். ஆனா அது இனாம் இல்லை. எழுதினவர் விருந்து வைக்கும்போது நீங்க போய் திருப்பி எழுதணும், முடிஞ்சா கூடுதலா. எழுதலைன்னா ஊருக்குள்ள பேர் கெடும்.

நெட்வொர்க்கிங் குழுவும் மொய் விருந்துதான். கறிக்குப் பதிலா பொங்கல் வடை. நோட்டுக்குப் பதிலா மொபைல் ஆப்.

14/
ஒரே ஒரு வித்தியாசம். மொய்யில திருப்பிக் கொடுக்கிறது நம்ம காசு. இங்க திருப்பிக் கொடுக்கிறது நம்மை நம்பி வர்ற இன்னொருத்தரை.

"இவர்கிட்ட இன்சூரன்ஸ் போடுங்க, இவர்கிட்ட ஏ.சி. மாட்டுங்க"ன்னு தங்கச்சி தன் வாடிக்கையாளர் அக்காக்களுக்குச் சொல்லணும். அந்த ஏ.சி.க்காரர் வேலை எப்படின்னு அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது புதன்கிழமை காலையில அவர் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும்தான். வேலை சொதப்பினா அந்த அக்கா யாரைத் திட்டுவாங்க? அடுத்த பிளவுஸை எங்க கொடுப்பாங்க?

15/
இந்த இடத்துல கதை என் பக்கம் திரும்பிச்சு. அமைப்பாளர் போன்ல தங்கச்சிகிட்ட, "உங்க அண்ணன் டாக்டரா? எங்க குழுவுல டாக்டர் இடம் காலியா இருக்கு. கூட்டிட்டு வாங்க, உங்க கட்டணத்துல சலுகை தர்றோம்"னு சொல்லியிருக்கார். அப்புறம் எனக்கே போன் பண்ணினார். மரியாதையாத்தான் பேசினார். "வாரத்துக்கு ரெண்டு ரெஃபரல் கொடுத்தா போதும் சார். நம்ம குழுவுலயே லேப் இருக்கு, ஸ்கேன் சென்டர் இருக்கு, மெடிக்கல் ஷாப் இருக்கு. உங்க ஈவ்னிங் கிளினிக்குக்கும் ஆள் வருவாங்க."

தங்கச்சிக்குக் காசு மிச்சமாகும். என் கிளினிக்குக் கூட்டம் சேரும். யாருக்கும் நஷ்டம் இல்லாத மாதிரி இருக்கும்.

16/
நஷ்டம் ஒருத்தருக்கு உண்டு. அவர் அந்த மேஜையில இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில ரெஃபரல் என்ற சொல்லுக்கு வேற அர்த்தம். பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்கலை, இங்க வசதி பத்தாது, 108-ஐ வரவழைச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி அனுப்புறது ரெஃபரல். அந்தக் கடிதத்துல இருக்கிற ஒரே காரணம் நோயாளியோட தேவை.

வாரத்துக்கு ரெண்டு பேரை ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியாகணும்னு முன்னாடியே முடிவாகிட்டா, அடுத்து என் முன்னாடி தலைவலின்னு வந்து உட்கார்றவருக்கு நான் எழுதுறது மருத்துவமா, மொய்யா? எனக்கே தெரியாமப் போயிடும். அதுதான் பயம்.

17/
சட்டமும் தெளிவா இருக்கு. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள், பிரிவு 6.4: நோயாளியை அனுப்புவதற்குப் பதிலா பரிசோ, கமிஷனோ, வேற பலனோ ஒரு மருத்துவர் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் வெளியிட்டு அதே மாசம் நிறுத்தி வெச்சப்போ, நடைமுறைக்குத் திரும்பினது இந்த 2002 விதிகள்தான். ஆள் பிடிக்கிறதும் அதே விதிகள்ல தடை.

தமிழ்நாட்டுல பணி நேரத்துக்கு வெளியே கிளினிக் நடத்த அரசு மருத்துவருக்குத் தடை இல்லை. ஆனா கிளினிக் நடத்துறது வேற, நோயாளியை மாத்து வியாபாரம் பண்றது வேற.

அமைப்பாளர்கிட்ட இதையே சொன்னேன். "எல்லா டாக்டரும் இப்படிப் பார்க்கிறதில்லை சார்"ன்னார். "இருக்கலாம் சார்"னு சொல்லி வெச்சுட்டேன்.

18/
சரி, தங்கச்சி என்ன பண்ணினா?

வருஷக் கட்டணம் கட்டலை. ஆனா 1,200 கட்டி ஒரே ஒரு நாள் விருந்தினரா போனா. அதை நானே சொன்னேன். ஒரு பரிசோதனை எழுதறதுக்கு முன்னாடி நாங்க கேட்டுக்கிறது: ரிசல்ட் வந்தா நான் செய்யப்போறது மாறுமா? இங்க மாறும். அங்க அவளுக்குத் தேவையான ஆள் இருந்தா பழகிக்கலாம். இல்லைன்னா 1,200-ஓட முடியும். விலை குறைஞ்ச டெஸ்ட், பதில் உபயோகமானது.

19/
போறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பினேன். 2007-ல் வெளியான ஒரு ஆய்வு: கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இன்கிராமும் மைக்கேல் மாரிஸும், சுமார் நூறு பேர் வந்த ஒரு நெட்வொர்க்கிங் விருந்துல எல்லாருக்கும் எலக்ட்ரானிக் பேட்ஜ் மாட்டி, யார் யாரோட பேசுறாங்கன்னு பதிவு பண்ணினாங்க. புது ஆட்களைச் சந்திக்கத்தான் வந்தோம்னு சொன்னவங்க, ஏற்கெனவே தெரிஞ்சவங்களோடதான் அதிகமா பேசியிருந்தாங்க.

"உன்னைக் கூட்டிட்டுப் போறவங்க பக்கத்துல உட்காராதே. வர்றவங்க பட்டியலை முன்னாடியே வாங்கு. மூணு பேரைக் குறி."

20/
வந்திருந்தது 42 பேர். எல்லாரும் ஆளுக்கு 45 விநாடி பேசினாங்க. இன்சூரன்ஸ், சோலார், சாஃப்ட்வேர், ஆடிட்டர், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். கல்யாணத்தோட சம்பந்தப்பட்டவங்க நாலே பேர். அதுல ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட், ஒரு போட்டோகிராபர். ரெண்டு பேரோட நம்பரோட வந்தா. அடுத்த வாரம் அந்த மேக்கப் ஆர்ட்டிஸ்டை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, தைச்ச பிளவுஸைக் கையில கொடுத்துக் காட்டினா. அவங்க வேலையையும் இவ பார்த்தா. பார்த்த பிறகுதான் ஒருத்தரை ஒருத்தர் சொல்றதுன்னு பேச்சு.

சீட்டுக் காசுல ரெண்டாவது ஃபிரேம் வாங்கி, இன்னொரு ஆரி அக்காவுக்கு மூணு மாசக் கூலியை ஒதுக்கி வெச்சா.

21/
நாலு மாசம் ஆச்சு. மேக்கப் ஆர்ட்டிஸ்ட் மூலமா மூணு கல்யாணப் பொண்ணுங்க வந்தாங்க. முகூர்த்த மாசத்துல யாரையும் திருப்பி அனுப்பலை. மார்கழியில மட்டும் புது அக்காவுக்கு வேலை கொடுக்கத் திண்டாடினா. ஒதுக்கி வெச்ச காசுல இருந்துதான் கூலி போச்சு. ஆடியும் அப்படித்தான் இருக்கும். அதுக்கு என்ன வழின்னு இன்னும் தெரியலை. அந்த மாசங்கள்ல ஆரி வகுப்பு எடுக்கலாமான்னு யோசிக்கிறா. ஒரு வீட்டுக் கதை இது. இதை வெச்சு ஊருக்கே முடிவு சொல்ல முடியாது. கேள்விகளை மட்டும் எடுத்துக்கோங்க.

22/
அழைப்பு வந்தா, காசு கட்டறதுக்கு முன்னாடி:

- எனக்குக் குறை ஆர்டரா, கையா?
- கடைசி 20 வாடிக்கையாளர் யார் சொல்லி வந்தாங்க? நோட்டைப் பார்த்து எழுதுங்க. மனசுல இருந்து எழுதாதீங்க. (தங்கச்சிக்கு 9 பேர் பழைய வாடிக்கையாளர் சொல்லி, 5 பேர் கொலுவும் ஸ்கூல் வாசலும், 3 பேர் புடவைக் கடை, 2 பேர் இன்ஸ்டாகிராம், 1 ஆள் வாசல் போர்டு.)
- எல்லாச் செலவும் சேர்த்து, ஒரு ஆர்டர்ல மிஞ்சுறதால வகுத்தா எத்தனை ஆர்டர்?
- நான் போற நேரத்துல வீட்டு வேலை யார் தலையில விழுது?
- இந்த இடத்துல எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?
- நான் அனுப்பப்போற ஆள் யாரை நம்பி வர்றார்? அவர்கிட்ட "இவரை எனக்கு மீட்டிங்ல மட்டும்தான் தெரியும்"னு சொல்லிட்டு அனுப்ப முடியுமா?

23/
கடைசிக் கேள்விக்கு "முடியும்"னு பதில் வந்தா தைரியமா போங்க. டிபனும் நல்லா இருக்கும்னு தங்கச்சி சொல்றா.

டாக்டர், லேப், மெடிக்கல் ஷாப் நடத்துற நண்பர்களுக்கு மட்டும் தனியா ஒரு வார்த்தை: நம்மகிட்ட வர்றவர் வலியோட வர்றார். விலை விசாரிக்கிற நிலையில வர்றதில்லை. அவரை வெச்சு நாம மொய் எழுதக் கூடாது.

சின்னத் தொழில் பண்ற யாருக்காவது உதவும்னா பகிருங்க.

— அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்., மந்தைவெளி